நாலு நாள் தண்ணீர் காணாத தளம்

அண்ணி,

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும் கார் ஏறி வருவதற்காகப் போட்டிருந்த நம் சிமெண்டுத் தளத்தை இன்றைக்குக் காலையில் உடைத்தார்கள். உடைக்கிற மிஷின் போட்ட சத்தத்தில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. தூசி அடங்கட்டும் என்று மேஸ்திரி ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்து உடைந்த பாளங்களின் மேல் வீசினார். உடனே ஒரு வாசனை கிளம்பியது. வெயில் ஏறிய சிமெண்டு தண்ணீர் குடிக்கும்போது வருமே, அந்த வாசனை. நீங்கள் பிச்சாட்டூரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் குடத்தை எடுத்து ஊற்றினீர்களே, அன்றைக்கு வந்த அதே வாசனை.

நான் எழுந்து சமையல் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது மூக்குக்குத் தெரியவில்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தாவது வரைதான் படிப்பு. அதற்கப்புறம் எழுதினது எல்லாம் மளிகைச் சீட்டும், சபையில் கொடுக்கிற ஜெபக் குறிப்புச் சீட்டும்தான். இதை அந்தச் சீட்டில் எழுத முடியாது. போதகர் சத்தமாக வாசித்துவிடுவார். சொல்ல வேண்டிய ஆள் நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் இறந்துபோய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம். அதனால் சாமுவின் பழைய நோட்டில் மிச்சம் இருந்த தாளில் எழுதுகிறேன்.

வெடித்துக் கிடந்த தளத்தை எடுத்துவிட்டுப் பேவர் கல் பதிக்கலாம் என்று ஆரம்பித்தது சாமுதான். உங்கள் தம்பி பிள்ளை இப்போது மீசை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியமனுஷன் மாதிரி பேசுகிறான். வருஷ நினைவுக்கு வீட்டில் ஜெபக் கூட்டம் வைக்கிறோம், சபையிலிருந்து தடி ஊன்றிக்கொண்டு வருகிறவர்களே பாதிப் பேர் என்றான்.

“அத்த உழுந்தது பத்தாதாம்மா? இன்னும் எத்தினி பேரு இதுல இடறி உழணும்?”

“கோணியப் போட்டு மூடிக்கலாம்டா.”

“கோணியா? அதுல தடுக்கி இன்னும் நாலு பேரு உழுவாங்க. நைனா, நீயாவது சொல்லு.”

உங்கள் தம்பி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உங்கம்மாவுக்கு அந்த வெடிப்பு மேல இன்னாவோ பாசம்டா. எம்மேலகூட அவ்ளோ கெடயாது” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பாசம் இல்லை அண்ணி, பயம். உடைத்துப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தெரிந்துவிடும் என்ற பயம். அது என்ன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தளம் போட்ட வருஷம் சாமு எல்.கே.ஜி. உங்கள் தம்பி பழைய கார் ஒன்று வாங்கி, திருப்பதியில் மலைக்குப் போகிற பக்தர்களை ஏற்றி இறக்க ஆரம்பித்த வருஷம். வாரத்துக்கு ஒரு தரம், சனிக்கிழமை சாயங்காலம்தான் சித்தூருக்கு வருவார். மழை பெய்தால் கேட்டுக்குள் நுழையும்போதே சக்கரம் புதைந்துவிடும். நீங்களும் நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவோம். “கார் வாங்கினவன் உள்ள உக்காந்துகினு கீறான், மாடு ரெண்டும் வெளிய தள்ளுது” என்று சொல்லிச் சொல்லித் தள்ளுவீர்கள். சிரிப்பில் எனக்குக் கையில் பலமே இருக்காது.

தளம் போட்ட மறுநாள், அப்போது வந்த மேஸ்திரி அதன் மேல் சின்னச் சின்னதாக மண் வரப்பு கட்டி, வயலில் பாத்தி பிரிக்கிற மாதிரி பிரித்துவிட்டார். அந்தப் பாத்திகளில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், இரண்டு வாரம் ஈரம் காயக்கூடாது, காய்ந்தால் பலம் பிடிக்காது என்றார். நமக்குக் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தரம். நீங்கள் உடனே பங்கு பிரித்தீர்கள். கறுப்பு டிரம் வீட்டுக்கு, நீல டிரம் சிமெண்டுக்கு. காலையில் நீங்கள் ஊற்றுவது, சாயங்காலம் நான்.

நாலாவது நாள் பிச்சாட்டூரிலிருந்து போன் வந்தது. உங்கள் மாமியார் போய்விட்டார். உங்களை மருமகளாகக் கூப்பிட்டுக்கொண்டு போன ஊர், இரண்டே வருஷத்தில் தாலி இல்லாமல் திருப்பி அனுப்பின ஊர். ஆனாலும் நீங்கள் உடனே இரண்டு புடவையைப் பையில் திணித்தீர்கள். விசாரிக்க வந்த தெருப் பெண்கள் கேட்டில் நின்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே அவர்கள் எல்லாரும் கேட்கும்படி என்னிடம் சொன்னீர்கள்.

“கிருபா, நீல டிரம்மு சிமெண்டுக்கு. காலைல ஒருவாட்டி, சாய்ங்காலம் ஒருவாட்டி. தக்காளிச் செடிக்கு ஊத்தின கத பண்ணிடாத.”

அதற்கு முந்தின மாதம் உங்கள் தக்காளிச் செடிகளை என்னிடம் விட்டுப்போய், நான் காயவிட்டது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவர், மனசில் என்ன இருந்ததோ, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

நீங்கள் போன அன்றைக்கே நீல டிரம் தண்ணீரில் போர்வை எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்தேன். அழுக்கே இல்லாத போர்வையும் அதில் இருந்தது. மறுநாள் குழாய் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது. இரண்டு டிரம்மும் நிறைந்தது. சாயங்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தளத்து ஓரம் வரைக்கும் போனேன். பாத்தி எல்லாம் காய்ந்து, தளம் அடுப்புச் சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது. நின்று பார்த்தேன். திரும்பி வந்து குடத்தை இறக்கிவிட்டேன்.

மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு வேளையும் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் ஊற்றாமல் இருந்தேன். அப்படியே நாலு நாள். உங்கள் மேல் இருந்த கோபத்தைச் சிமெண்டின் மேல் காட்டினேன்.

நீங்கள் வந்தீர்கள். கேட்டைத் திறந்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கத்துவார், தெருவே கூடும் என்று நான் பதில் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். நீங்களோ பையோடு போய்க் குடத்தை எடுத்து ஊற்ற ஆரம்பித்தீர்கள். வரப்புகளைக் கையால் மறுபடி கட்டினீர்கள். அப்புறம் உள்ளே வந்து, “பசிக்குது, துன்ன இன்னா கீது?” என்று கேட்டீர்கள்.

சனிக்கிழமை உங்கள் தம்பி வந்ததும் முதல் கேள்வி, “தெனம் தண்ணி ஊத்துனீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: “ஊத்தாம? உன் சிமெண்டுக்கு ஊத்தி ஊத்தி எங்க ரெண்டு பேரு கையும் கழண்டு போச்சு.”

உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் ஒரு வேளை காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டீர்கள் என்று நான் நம்பினேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். எவ்வளவு சின்னப் புத்தி பாருங்கள்.

அடுத்த கோடையில், மாங்காய் லாரிகள் ஓட ஆரம்பித்த நாட்களில், முதல் கோடு விழுந்தது. முடி மாதிரி. மழை முடிவதற்குள் விரல் நுழைகிற அளவு ஆயிற்று. போட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் உட்கார்ந்து பார்த்து, “தண்ணி பத்தல” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு வாரம் நீங்களும் உங்கள் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் சமைத்ததை அவர் தொடவில்லை. நான்தான் தனியாக உப்புமா கிண்டிக் கொடுத்தேன். என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. அக்கா தம்பி விஷயம் என்று விட்டுவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன் அண்ணி, அந்த ஒரு வாரம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் வருஷம் போகப் போக அந்தக் கோடு மூன்றாயிற்று. ஒரு பாளம் இறங்கி ஒரு பாளம் தூக்கிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேதாகமப் பையை அணைத்துக்கொண்டு வந்தீர்கள். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய வெடிப்பில் கால் விரல் மாட்டியது. நீங்கள் கையை ஊன்றியிருந்தால் கையோடு போயிருக்கும். பை கீழே விழக்கூடாது என்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே விழுந்தீர்கள். இடுப்பெலும்பு. திருப்பதியில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தபோது சக்கர நாற்காலியில் வந்தீர்கள். அதற்கப்புறம் உங்கள் கால் உங்களை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நீங்கள் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நான் முதலில் உங்களைப் பார்க்கவில்லை அண்ணி. வெடிப்பைத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் ஆனால் போதும், “கிருபா, வண்டி எடு” என்பீர்கள். போர்ட்டிகோவிலிருந்து கேட் வரைக்கும்தான் நம் பிரயாணம். அதையே சித்தூரிலிருந்து பிச்சாட்டூர் போகிற பஸ் ஆக்கிவிடுவீர்கள். முதல் வெடிப்பில் சக்கரம் இறங்கி ஏறினதும், “கங்காதர நெல்லூர் வந்துச்சு, எறங்குறவங்க எல்லாம் எறங்கு” என்பீர்கள். நடு வெடிப்பு புத்தூர். “டீ குடிக்கிறவங்க குடிச்சுக்கலாம், அஞ்சு நிமிசம் நிக்கும்.” கேட்டுக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிற பெரியதுதான் பிச்சாட்டூர் ஏரி. அங்கே நாற்காலி தூக்கிப்போடும். “டிரைவரு, மொள்ளமா! லைசென்ஸ் எவன் குடுத்தான் உனக்கு?” என்று கத்துவீர்கள். எதிர்வீட்டு அம்மாவும், “நானும் வரேன், சீட்டு கீதா?” என்று அங்கேயிருந்து கேட்பார். விழுந்த இடத்தையே ஏரி ஆக்கி, அதன் கரையில் உட்கார்ந்து காற்று வாங்கினீர்கள். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

கேட்டில் நிறுத்தினதும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கேட்பீர்கள். குடித்துவிட்டுக் கடைசி மடக்கை வெடிப்பில் ஊற்றுவீர்கள். முதல் தடவை ஊற்றும்போது குனிந்து அதனிடம் சொன்னீர்கள்.

“குடி. சின்ன வயசுல உனக்கு தண்ணி பத்தல, பாவம்.”

 நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. “கொசு கடிக்குது, திருப்பு வண்டிய” என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சு இல்லாமல் தினமும் அந்தக் கடைசி மடக்கை ஊற்றினீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு நீங்கள் தினமும் இடம் விட்டீர்கள். நான் தினமும் வண்டியைத் திருப்பினேன்.

கடைசியாக ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கும், ஸ்ட்ரெச்சர் தூக்கினவர்களிடம், “பாத்துப்பா, பிச்சாட்டூர் ஏரி வருது” என்றீர்கள். ஏதோ ஜுரத்தில் பேசுகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். வண்டியில் சொல்லிவிடலாம் என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்திரகிரி தாண்டும்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுந்ததும் சொல்லலாம், திருப்பதி போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். திருப்பதியில் உங்களை உள்ளே கொண்டுபோனார்கள். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகி இன்றைக்குத்தான் மறுபடி எடுக்கிறேன்.

இந்த மேஸ்திரி ஏர்பேட்டுக்காரர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். உடைத்த மறுநாள் எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். அவர் டம்ளரை வாங்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

“இது தண்ணி ஊத்தாததாலதான் வெடிச்சுதா?”

“லேதம்மா, லேது. இல்ல” என்று தலையை ஆட்டினார். கீழே இருந்த மண்ணைக் காலால் உதைத்துக் காட்டினார். “அடியில மண்ண இடிக்காமயே போட்டுட்டாங்க. காரு ஏற ஏற எறங்கிப்போச்சு.”

எனக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கினது மாதிரி இருந்தது. ஆனால் அவர் கையோடு ஒரு சிமெண்டுத் துண்டை எடுத்து, அதன் மேல் பக்கத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். மாவு மாதிரி உதிர்ந்தது.

“தண்ணியும் பத்தலம்மா. ரெண்டும்தான்.”

“ரெண்டுல எது ஜாஸ்தி?”

அவர் சிரித்தார். “ஒடஞ்ச அப்பறம் அத எப்படிம்மா பிரிக்கிறது?”

மோர் டம்ளரைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாதியாவது என்னுடையது. முழுதும் என்னுடையது இல்லை என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு மண் காரணம் இல்லையே.

மூன்றாம் நாள் சாயங்காலம் கல் பதித்து முடித்தார்கள். சாம்பல் நிறமும் செங்கல் நிறமுமாக, சாமு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. உங்கள் தம்பி பொடி மணலைக் கொட்டி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இறங்கும்படி தென்னந்துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

“அன்னிக்கு அண்ணி பிச்சாட்டூர் போனப்ப, நாலு நாளு நான் சிமெண்டுக்குத் தண்ணி ஊத்தல. வேணும்னேதான் ஊத்தல.”

துடைப்பம் நின்றது.

“இன்னா சொல்ற நீ? அது அக்கா பண்ண தப்பாச்சே.”

“அண்ணியா?”

“மாமியாரு செத்த அவசரத்துல கிருபாகிட்ட சொல்ல மறந்துட்டேன்னு அவதான சொன்னா? மொதல்ல ஊத்துனோம்னு சொன்னது பொய்யி, உனுக்கு பயந்துகினு சொல்லிட்டேன்னு. அந்த மேஸ்திரி வந்துட்டு போன அன்னிக்கு.”

நான் கீழே கிடந்த மணல் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“நான் கன்னாபின்னான்னு கத்துனேன் கிருபா. ஒரு வாரம் அவ கையால துன்னல.”

நான் உப்புமா கிண்டின வாரம் அண்ணி. தட்டை எடுத்துக்கொண்டு நான் உங்களைத் தாண்டிப் போவேன். நீங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பீர்கள். ஒரு நாள், “உப்பு சரியா போட்டியா? அவனுக்கு உப்பு கொறஞ்சா எறங்காது” என்று கேட்டீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனேன்.

உங்கள் தம்பி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புதுக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஒரு வாரம் நான் அவகிட்ட பேசல” என்று மறுபடியும் அதையே சொன்னார். சாமு உள்ளேயிருந்து வந்து, “இன்னா நைனா, முதுகு வலியா?” என்றான். “ஆமாண்டா” என்று சொல்லி முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மேஸ்திரி சொன்னார், இந்தக் கல்லுக்குத் தண்ணீர் ஒன்றும் வேண்டாம், ஒன்று இறங்கினால் அதை மட்டும் எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று. கல் நகராமல் இருக்க இரண்டு ஓரத்திலும் போட்ட சிமெண்டுக் கட்டைக்கு மட்டும் ஏழு நாள் ஊற்ற வேண்டும். அதைக் கேட்டதும் சாமு பைப்பை எடுத்தான். நான் அதை அவன் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டேன்.

குடத்தில்தான் ஊற்றுகிறேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். இரண்டு ஓரமும், கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும். எதிர்வீட்டு அம்மா, “ஏன் கிருபா, பைப்பு இருக்கச் சொல்லோ இடுப்ப ஒடச்சிக்கினு கீற?” என்றார். “பைப்புல ஊத்துனா ஊத்துன மாதிரியே இல்ல ஆயா” என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீங்கள் இருந்தால் இதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பீர்கள். தக்காளிச் செடியை விட்டிருக்க மாட்டீர்கள்.

நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, பின் அறையில் மடக்கி வைத்திருந்த உங்கள் நாற்காலியை எடுத்து, புதுக் கல்லின் மேல் காலியாகத் தள்ளிப் பார்த்தேன். எங்கேயும் இறங்கவில்லை, எங்கேயும் தூக்கிப்போடவில்லை. கடகடவென்று ஒரே சீராக ஓடிற்று. எந்த ஊர் எங்கே என்றே தெரியவில்லை. குத்துமதிப்பாக நானே சொன்னேன். கங்காதர நெல்லூர். புத்தூர். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் என்னையறியாமல் கை வேகத்தைக் குறைத்தது. இனிமேல் அந்த வழி எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்துக்கு வருகிற பாட்டிமார்கள் அதன் மேல் இடறாமல் நடந்து போவார்கள். அது நல்லதுதான்.

இன்றைக்கு ஏழாவது நாள். நாளைக்கு ஜெபக் கூட்டம். சாயங்காலம் ஊற்றி முடித்துக் குடத்தைக் கவிழ்த்து வைக்கும்போது, உங்கள் தம்பி போர்ட்டிகோ படியில் உட்கார்ந்திருந்தார்.

“தெனம் ஊத்துனியா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

எனக்காகப் பதில் சொல்ல இந்தத் தடவை யாரும் இல்லை.

“ஊத்துனேன்” என்றேன்.

“ஏழு நாளும்?”

“ஏழு நாளும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் உங்கள் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன். குடித்துவிட்டு, கடைசி மடக்கை ஏரி இருந்த இடத்தில் ஊற்றினேன். தண்ணீர் முன்னே மாதிரி தேங்கி நிற்கவில்லை அண்ணி. இரண்டு கல்லுக்கு நடுவில் உடனே இறங்கிப்போய்விட்டது. அது போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

கிருபா